மேலே வந்து தங்கியவர்கள்

செவிலியர் தேவை என்று மாவட்ட நலவாழ்வுச் சங்கம் விளம்பரம் வெளியிடும்போதெல்லாம் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவது என் வழக்கம். டிப்ளமோவோ பி.எஸ்சி. நர்சிங்கோ முடித்திருக்க வேண்டும், தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பணி முற்றிலும் தற்காலிகமானது, தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய் என்று நீளும் அந்த வரிகளுக்கு நடுவே என் கண் தேடுவது ஒன்றைத்தான்: பணியிடப் பட்டியலில் எங்கள் மேல்மலை இருக்கிறதா? இருந்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று மனசு சந்தோஷப்படும். போன தடவையும் இதே இடம் பட்டியலில் இருந்ததே, அப்படியானால் அப்போது வந்த பிள்ளை போய்விட்டதா என்று கூடவே வருத்தமும் வரும்.

கொடைக்கானலுக்கு வந்து ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மேல்மலை தெரிந்திருக்க வழியில்லை. ஊரைத் தாண்டி மேற்கே போனால் பூம்பாறை. அதற்கப்புறம் மன்னவனூர், அங்கே மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை. அதையும் தாண்டினால் எங்கள் கவுஞ்சி, பிறகு பூண்டி, கிளாவரை. கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலிருந்து கவுஞ்சிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சமவெளியில் 40 கிலோமீட்டர் என்றால் ஒரு காபி ஆறுவதற்குள் போய்விடலாம் என்பார்கள். இங்கே அது மேகம் இறங்குவதையும் மண் சரிவதையும் பொறுத்த தூரம், பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கோ இன்னும் நீண்ட தூரம்.

எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்த காலம் அது, 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு. தேனிப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வேலைக்கு வந்தார். வந்த பஸ்ஸின் கூரையில் உர மூட்டைகளுக்கு மத்தியில் அவருடைய தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும் இருந்தன. கண்டக்டர் பெட்டியை இறக்கி வைத்த கையோடு, நாளைக் காலையில்தான் பஸ் திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் ஊரின் ஆள்சேர்ப்பு முடிந்துவிட்டது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர் போக முடியாததால் தங்கினார், தங்கியதால் எங்களை அறிந்துகொண்டார், அறிந்துகொண்ட பிறகு போவதற்கு மனசு வரவில்லை. எங்கள் அப்பத்தா முதல் நாளே அவர் வாசலுக்குப் போய், "ஆத்தா, இந்தக் குளுருல தனியாக் கெடக்காத, ராவுக்கு எங்க வீட்டுக்கு வந்துரு" என்று கூப்பிட்டது. வந்தார். கணப்புச் சட்டியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் அவருக்கும் ஒரு மணை போடப்பட்டது. அதற்குப் பிறகு பல வருஷம் அது அவருடைய இடமாகவே இருந்தது.

காலையில் அவர் வீட்டு முன்னால் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியும். அதன் மேல் வெந்நீர்ப் பாத்திரத்தில் கண்ணாடி சிரிஞ்சும் ஊசிகளும் கொதித்துக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பையன்கள் அத்தனை பேரும் உருளைக்கிழங்குக் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வோம்; எந்தப் பாத்தியில் எவன் ஒளிந்திருப்பான் என்பது அவருக்கு மனப்பாடம். பிடித்து இழுத்துவந்து ஊசி போட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அழுகை நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, காலியான பென்சிலின் குப்பியைக் கையில் கொடுப்பார். அந்தக் குப்பியின் ரப்பர் மூடி எங்கள் உலகத்தில் பெரிய சொத்து. நான்கு மூடி சேர்ந்தால் வண்டிக்குச் சக்கரம் கிடைத்துவிடும். அதற்காகவே காய்ச்சல் வராதா என்று ஏங்கிய பிள்ளைகளும் உண்டு. இப்போது ஊசி ஒருமுறைதான், உறையைக் கிழித்துப் போட்டதும் முனையை வெட்டிவிடுகிறார்கள், சிவப்புப் பைக்கு ஒன்று மஞ்சள் பைக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டுகிறார்கள். அதுதான் சரி, அதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. ஆனாலும் என் பேரப்பிள்ளை தடுப்பூசி போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வெளியே வரும்போது, அவன் கையில் வைக்க ஏதாவது இருந்தால் தேவலையே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

ஊரில் பிரசவம் பார்க்க ஒரு மருத்துவச்சிக் கிழவி இருந்தார். நர்ஸம்மா வந்ததும் இரண்டு பேருக்கும் ஆகாது என்று ஊரே எதிர்பார்த்தது. ஆனால் நர்ஸம்மா கிழவியைத் தள்ளிவைக்கவில்லை. புது பிளேடு, கொதிக்கவைத்த நூல், சோப்பு என்று ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து, கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டி, தன்னோடு கூட்டிக்கொண்டே அலைந்தார். நடு ராத்திரி ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினால் லாந்தரோடு இரண்டு பேரும் சேர்ந்துதான் கிளம்புவார்கள். குழந்தை குறுக்கே இருக்கிறது என்று நர்ஸம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், கம்பளியில் டோலி கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு லாரி கிடைக்கிற இடம்வரை ஓட வேண்டும். கொடைக்கானலில் அரசு ஆஸ்பத்திரியும், மதுரையில் பேர் வாங்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் வான் ஆலனின் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியும் இருந்தன. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். எல்லோரும் போய்ச் சேரவில்லை.

இதைச் சொல்லாமல் அந்தக் கணப்புச் சட்டியின் இதத்தை மட்டும் எழுதினால் அது நியாயம் ஆகாது. அன்றைக்கு ஒரு நர்ஸம்மாதான் மொத்த மேல்மலைக்கும் ஆஸ்பத்திரி. அவர் படுத்துவிட்டால் ஊருக்கு வைத்தியம் இல்லை. இன்றைக்கு 108-ஐக் கூப்பிடலாம். 2008-ல் அந்த வண்டி தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு டோலி தூக்கும் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது, சாலை போகாத வெள்ளகவி போன்ற ஊர்களைத் தவிர. இன்றைக்குக் கட்டடம் இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, பச்சைக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் இருக்கிறது. அதை இயக்கத் தெரிந்தவர் வந்து தங்க வேண்டியதுதான் பாக்கி.

இந்தத் தங்குதல் எவ்வளவு பெரிய கணக்கு என்பது வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. ஒரு வார்டில் ஒரே ஒரு நாற்காலி, அதில் எந்நேரமும் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்தில் 48 மணி நேரம் வேலை பார்த்தால் மூன்றரைப் பேர் வேண்டும். காய்ச்சல் வரும், கலியாணம் வரும், பேறுகால விடுப்பு வரும். அதற்கு 30 சதவீதம் கூடுதலாக ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பணியாளர் விதிமுறைகளே சொல்கின்றன. ஆக ஒரு நாற்காலிக்கு நாலரைப் பேர். பிரசவ அறைக்கு ஒரு நாற்காலி, குழந்தைகளுக்கு ஒன்று, பொது வார்டுக்கு ஒன்று, அவசரப் பிரிவுக்கு ஒன்று என்று சின்னதாக ஒரு மருத்துவமனை திறந்தாலே ஏறத்தாழ இருபது நர்சுகள் வேண்டும். தமிழ்நாடு இருபது வருஷத்துக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்துவைக்க முடிவுசெய்து, நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று போட்டபோது, நாடே திரும்பிப் பார்த்தது. பார்க்க வேண்டியதும்தான், அதற்குப் பிறகு வீட்டுப் பிரசவம் என்பதே எங்கள் பக்கம் அரிதாகிவிட்டது. ஆனால் மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஒரு ஷிப்ட்; அதில் ஒருவர் ஊருக்குப் போனால் மற்ற இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். மலை மேல் அந்த இரண்டு பேரில் ஒருவரும் மாற்றல் கேட்டுப் போய்விட்டால் மிஞ்சும் அந்தப் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மாற்றல் கேட்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 2015-ல் அது தேர்வு வைத்து 7,243 செவிலியர்களை எடுக்க அறிவிப்புக் கொடுத்தது. இத்தனை பேரா என்று மாநிலமே வியந்தது. ஆரம்பச் சம்பளம் 7,700 ரூபாய், ஒப்பந்தம், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது நம்பிக்கை. 2017 நவம்பரில் அந்தப் பிள்ளைகள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் உட்கார்ந்து கேட்டது அந்த நம்பிக்கையைத்தான். கொரோனா வந்தபோது மீண்டும் அவசரமாக ஆள் எடுத்தார்கள். முகத்தில் கவச உடையின் தழும்போடு நின்ற அவர்களுக்கு ஊரே கைதட்டியது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. நிரந்தரப் பணியாளருக்கு மலைப்படி உண்டு, குளிர்காலப் படி உண்டு. தொகுப்பூதியக்காரருக்கு எந்தப் படியும் இல்லை. உறைபனி மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலவே விழுகிறது.

இதற்கு நடுவே 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. எங்கள் திண்டுக்கல்லும் அதில் ஒன்று. எவ்வளவு பெரிய காரியம்! இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மதுரைக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆனால் பதினொரு ஊரில் ஒரே சமயத்தில் வார்டுகள் திறந்தால் அத்தனை வார்டுக்கும் நர்ஸ் எங்கிருந்து வருவார்? கலந்தாய்வில் சீனியாரிட்டிப்படி இடம் எடுப்பார்கள். குழந்தையின் பள்ளிக்கூடம், கணவரின் வேலை, வயதான மாமியார் எல்லாம் கீழே இருக்கும்போது யாராக இருந்தாலும் திண்டுக்கல்லைத்தான் எடுப்பார். கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிறையும்போது மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரி காலியாகிறது. அந்த இடத்துக்கு அடுத்த விளம்பரம் வருகிறது. நான் எடுத்துப் படிக்கிறேன்.

சாலை நன்றாக ஆனதும் இதில் சேர்ந்துகொண்டது. அன்றைக்கு நர்ஸம்மாவைத் தங்கவைத்தது அந்த மோசமான பாதை. இன்றைக்கு வருகிற சிஸ்டர்கள் ட்யூட்டி முடிந்ததும் ஜீப் பிடித்துக் கொடைக்கானலுக்கு இறங்கிவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள், கைவேலை சுத்தம், எங்கள் நர்ஸம்மாவுக்குத் தெரியாத எத்தனையோ அவர்களுக்குத் தெரியும். தொப்பியும் வெள்ளைச் சேலையும் போய்ச் சுடிதாரும் கோட்டும் வந்தது மலை ஏறி இறங்க எவ்வளவோ வசதி. ஆனால் எந்த வீட்டுக் கிழவிக்கு ராத்திரியில் மூச்சு இரைக்கும், எந்த வீட்டு மருமகள் கேட்டால் மட்டும்தான் வாய் திறப்பாள், பூண்டு அறுவடை நாளில் எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி தவறிப்போகும் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறாத விவரங்கள். கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது தானாகத் தெரிந்துவிடும்.

மலையிலும் காட்டிலும் ஆஸ்பத்திரி திறந்தவர்கள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்க்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மலையின் வடக்கு அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம். 1955-ல் அங்கே கேரளத்திலிருந்து வந்த டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் நர்ஸ் என்றாலே கேரளத்துச் சிஸ்டர் என்றுதான் அர்த்தம். பெண்பிள்ளையை வீட்டை விட்டு வெளியூருக்கு வேலைக்கு அனுப்ப நம் பக்கம் தயங்கிக்கொண்டிருந்தபோது, திருவிதாங்கூரின் கிறிஸ்தவக் குடும்பங்கள் மகள்களை ரயிலேற்றி அனுப்பின. அவர்கள் பேசிய மலையாளம் கலந்த தமிழில்தான் எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை, மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் காந்திகிராமத்தில், டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளாகப் பிறந்து டாக்டராகப் படித்த சௌந்தரம் ராமச்சந்திரன் கிராமத்துப் பெண்களையே தாதியராகவும் சேவிகைகளாகவும் பழக்கினார்; இளம் விதவைகளுக்கும் கணவன் கைவிட்டவர்களுக்கும் அந்த வெள்ளைச் சேலை ஒரு புது வாழ்க்கையாக இருந்தது.

கூடலூரில் 1990-ல் ஆதிவாசி மக்களுக்காக அஸ்வினி அமைப்பு தொடங்கப்பட்டபோது, டாக்டர்கள் நந்தகுமார் மேனனும் ஷைலாதேவியும் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். ஆஸ்பத்திரி என்றாலே பயந்து காட்டுக்குள் போய்விடும் ஒரு தாய், கட்டில் பக்கத்தில் தன் மொழியில் பேசும் பெண்ணைப் பார்த்ததும் படுத்துக்கொண்டாள். தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கியில் 1993-ல் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். வருவதற்கு முன்னால் இருவரும் காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டாத பள்ளத்தாக்கு அது. பட்டணத்திலிருந்து நர்ஸ் யாரும் வரவில்லை. அங்கேயே பள்ளிக்கூடம் போய் நின்றுவிட்ட பழங்குடிப் பெண்களைச் சேர்த்து, காய்ச்சல் பார்ப்பதிலிருந்து அறுவை சிகிச்சைக்கு உதவுவதுவரை கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் போகவில்லை. அவர்கள் வீடு அங்கேதானே இருக்கிறது.

எங்கள் ஊரில் பூண்டு அறுத்ததும் எல்லாவற்றையும் வண்டியேற்ற மாட்டார்கள். நல்ல பூண்டாகப் பார்த்துக் கட்டுக்கட்டாக அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிடுவார்கள், அடுத்த போகத்துக்கு விதைக்காக. கஷ்டம் வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. பெண்பிள்ளைகளின் படிப்பில் எங்கள் மலைக்கு அந்த முன்யோசனை இன்னும் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். டிப்ளமோ என்றால் மூன்று. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்பவும் கிட்டத்தட்ட அதே காலம்தான் ஆகிறது. அடிக்கல் நாட்டும் அன்றைக்கே மேல்மலையின் பள்ளிகளில் பிளஸ் டூ முடிக்கும் பெண்களில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்ததும் இதே மலையில் நிரந்தர வேலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ரிப்பன் வெட்டும் நாளில் சிஸ்டர்கள் தயாராக இருப்பார்கள். அதற்கும் முன்னால் நர்சிங் பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மலைப்பள்ளியில் இந்த மூன்றுக்கும் ஆசிரியர் தங்க வேண்டும். ஆஸ்பத்திரியின் முதல் ஆள்சேர்ப்பு அந்த உயிரியல் டீச்சர்தான் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உலகமே நர்சுகளைத் தேடிக்கொண்டிருக்கும் காலம் இது. 2020-ஐச் செவிலியர் ஆண்டு என்று அறிவித்த உலக சுகாதார நிறுவனம், உலகத்தில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவு என்று கணக்குக் காட்டியது. நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்துப் பிள்ளைகளை அனுப்புகிறது. அனுப்பட்டும், அந்தப் பணத்தில் எத்தனையோ வீடுகளில் ஓடு போய்க் காங்கிரீட் வந்திருக்கிறது. அன்றைக்கு மலைக்கு வெளியூர் மகளை எதிர்பார்த்துக் காத்திருந்த எங்கள் தெருவிலிருந்தே ஒரு மகள் இன்றைக்கு வளைகுடா நாடு ஒன்றில், எங்கள் ஊர் மொத்தத்தையும் படுக்கவைக்கலாம்போல் பெரிய ஆஸ்பத்திரியில், நர்ஸாக இருக்கிறாள். நர்ஸம்மா தொப்புள்கொடி அறுத்த பெண்ணின் மகள். வெயில் தாங்க முடியவில்லை என்று போனில் சொல்லும்போதெல்லாம், இங்கே விரலை மடக்க முடியாத குளிர் என்று நான் சொல்வேன்; அதற்காகவே ஏங்குகிறேன் என்பாள்.

சமீபத்தில் அவளிடம் கேட்டேன், மேல்மலையில் நிரந்தர வேலை கொடுத்தால் வந்துவிடுவாயா என்று. சட்டென்று பதில் வரவில்லை. சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஆர்டரில் தற்காலிகம் என்ற வார்த்தை இருக்கக் கூடாது என்றாள். ராத்திரி ட்யூட்டிக்கு இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்றாள். பையனுக்குப் பள்ளிக்கூடம் பற்றி விசாரித்தாள். பிறகு ஒரு வார்டின் பொறுப்பைப் பார்க்கிறவளுக்கே உரிய குரலில், "சித்தப்பா, குவார்ட்டர்ஸ் கட்டிக் குடுப்பாங்களா, அதுல குழாத் தண்ணி வருமா, சாயந்தரத்துக்குள்ள விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். ஒரு தாளை எடுத்து, அவள் சொன்ன ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு மனுவாக எழுத ஆரம்பித்திருக்கிறேன்.